கறுத்த வட்டம், வெற்று வட்டம்

அவள் பயந்தாங்கொள்ளி என்பது அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பாள், கீழே இறங்குவாள், தெருமுனை வரை போவாள், திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பாள். நாய் குரைத்தால் பயம். முதலாளி தொண்டையைச் செருமினால் பயம். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால், அது அடித்து ஓய்கிற வரை கையில் வைத்துக்கொண்டே நிற்பாள். லிப்டில் ஏறவே மாட்டாள். இதில் வேடிக்கை என்னவென்றால் அவள் கணவன் லிப்ட் மெக்கானிக்.

"ஊரே நான் பார்த்த லிப்டுல ஏறுது. என் பொண்டாட்டி மட்டும் படியில ஏறி வர்றா. என் வேலை மேல அவ்வளவு நம்பிக்கை" என்று அவன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வான்.

மாமியார் ஒரு படி மேலே போவாள். "நிழலைப் பார்த்துப் பயப்படுற ஆளைப் பார்த்திருக்கேன். என் மருமகளைப் பார்த்தா நிழல்தான் பயப்படுது, எப்ப கத்துவாளோன்னு."

அவள் வேலை வரைபடம் போடுவது. டயர் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் ஆறு பேர் கொண்ட அலுவலகம். கட்டடங்களுக்குள் ஓடும் குழாய்களைத் திட்டமிட்டு வரைந்து கொடுப்பார்கள். தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், ஆஸ்பத்திரி என்றால் ஆக்சிஜன் குழாய். பத்தொன்பது வயதில் அங்கே சேர்ந்தவளுக்கு இப்போது நாற்பத்து மூன்று. ஒரு கோடு இன்னொரு கோட்டை முழுசாகத் தொடாமல் ஒரு மயிரிழை இடைவெளி விட்டு நின்றால்கூட அவள் கண்ணுக்குத் தப்பாது. அதனால் அவளுக்குக் கோட்டக்கா என்று பெயர் விழுந்தது. வயதில் மூத்த முதலாளிகூட அப்படித்தான் கூப்பிடுவார்.

அவள் வாழ்க்கையில் பயமில்லாமல் செய்த காரியம் ஒன்று உண்டு. அது எழுத்துரு செய்தது.

கம்ப்யூட்டரில் வரைய ஆரம்பித்த காலத்தில், வால்வு, வடிகட்டி, வாயுக் குழாய் ஆகியவற்றுக்கான குறிகளை ஒவ்வொரு தடவையும் தனித்தனியாக வரைந்து ஒட்ட வேண்டியிருந்தது. எழுத்தைத் தட்டுவதுபோல் குறியையும் தட்ட முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. வரைபட மென்பொருளின் எழுத்துருவை ஒருநாள் திறந்து பார்த்தாள். உள்ளே இருந்ததெல்லாம் எண்கள். பேனாவை இறக்கு, இந்தத் திசையில் இத்தனை கட்டம் போ, பேனாவைத் தூக்கு, நகர், மறுபடி இறக்கு. ஒவ்வொரு எழுத்தும் இப்படி ஒரு வரி. அவளுக்கு இது கோலம் போடுவதுபோல் இருந்தது. மூன்று மாதம் சாப்பாட்டு இடைவேளைகளில் கட்டத்தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து நாற்பது குறிகளைச் செய்தாள். ஒவ்வொன்றையும் விசைப்பலகையில் ஓர் எழுத்தின் மேல் உட்காரவைத்தாள். அதற்கு அலுவலகமே 'அக்கா ஃபாண்ட்' என்று பெயர் வைத்தது.

அந்த நாற்பதில் மூன்றைப் பற்றி மட்டும் தெரிந்தால் போதும். ஆக்சிஜனுக்குக் கறுப்பாக நிரப்பிய வட்டம். ஆஸ்பத்திரியில் காற்றும் தனிக்குழாயில் வரும். அதற்கு நிரப்பாத வெற்று வட்டம். உறிஞ்சும் குழாய்க்குத் தலைகீழ் முக்கோணம். வெற்று வட்டத்தை அவள் வரையவே வேண்டியிருக்கவில்லை. ஆங்கில 'ஓ' எழுத்தே வட்டம்தானே, இருக்கட்டும் என்று அப்படியே விட்டாள். கறுத்த வட்டம் அதிகம் தேவைப்படுவது. இடது சுண்டுவிரல் சும்மா கிடக்கும் இடத்தில் இருக்கட்டும் என்று 'ஏ' விசையில் வைத்தாள். 'வி' எழுத்துக்கு மேலே ஒரு மூடி போட்டால் முக்கோணம். பதினொரு வருஷம் அந்த எழுத்துருவில்தான் எல்லா ஆஸ்பத்திரி வரைபடமும் போயிற்று. ஒரு குறைசொல் வந்ததில்லை.

ஒரு சனிக்கிழமை காலை அவள் மேசைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. பழையது பத்து வருஷம் உழைத்து ஓய்ந்திருந்தது. புதுத் திரை அகலமாக, கண்ணாடி போலிருந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, "அக்கா, இதுல உங்க கோடெல்லாம் இன்னும் நேராத் தெரியும்" என்று கேலி செய்துவிட்டுப் போனார்கள். திரை எப்படி இருக்கிறது பார்க்கலாம் என்று கைக்கு அகப்பட்ட ஒரு வரைபடத்தைத் திறந்தாள். ஒரு ஆஸ்பத்திரியின் நான்காம் மாடி. புதிதாகக் கட்டிய வார்டு.

நடுவில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. ஏதோ எழுத்துரு இல்லையாம், வேறொன்றைப் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டது. எல்லாரும் செய்வதைப் போல அவளும் படிக்காமலே சரி என்று தட்டினாள்.

வரைபடம் விரிந்தது. அழகாக இருந்தது. குழாய்க் கோடுகளின் அருகே ஏ, ஓ, வி என்று தெளிவான எழுத்துகள். யாரோ அவள் வரைபடத்தைத் திருத்தி எளிமையாக்கியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். கொஞ்சம் கோபம்கூட வந்தது. பிறகு விளங்கியது. யாரும் திருத்தவில்லை. அவள் எழுத்துரு இந்தக் கம்ப்யூட்டருக்கு இன்னும் வரவில்லை. குறிகளின் தோல் உரிந்து கீழே இருந்த எழுத்துகள் தெரிகின்றன.

ஆக்சிஜன் இருந்த இடத்தில் 'ஏ'. ஆங்கிலத்தில் காற்றுக்கு முதல் எழுத்து அதுதான். காற்று இருந்த இடத்தில் 'ஓ'. ஆக்சிஜனுக்கு முதல் எழுத்து. உறிஞ்சுகுழாய்க்கு 'வி', அது மட்டும் சரியாகவே இருந்தது.

கேள்விக்குறிகள் வந்திருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள். குப்பையாக ஏதாவது தெரிந்திருந்தால் போன் போட்டிருப்பார்கள். இது எந்தக் குழந்தைக்கும் புரிகிற மாதிரி இருந்தது. முழுக்கத் தப்பாகப் புரிகிற மாதிரி.

இதை இப்படியே வேறு யாராவது பார்த்திருந்தால்?

அனுப்பிய மின்னஞ்சல்களைத் தேடினாள். பெரும்பாலும் அச்சிட்ட தாள்தான் போகும். அதில் குறிகள் குறிகளாகவே இருக்கும். கோப்பையே கேட்டால் எழுத்துருவையும் சேர்த்து அனுப்புவது அவள் வழக்கம். மூன்று மாதத்துக்கு முன் அந்த நான்காம் மாடியில் குழாய்கள் மேலேறி வரும் அறையை இடம் மாற்றினார்கள். வேலையை எடுத்திருந்த நிறுவனத்தின் தளப் பொறியாளன் போனில் அவசரப்பட்டான்: "அந்த ஒரு தாளை மட்டும் ஃபைலாவே அனுப்பிடுங்க மேடம், இங்கேயே பிரிண்ட் எடுத்துக்கறேன்." அன்றைய அஞ்சல் இதோ. இணைப்பு ஒன்றே ஒன்று. எழுத்துரு இல்லை. எந்தக் குறிக்கு என்ன அர்த்தம் என்று சொல்லும் கட்டமும் முதல் தாளில் இருப்பது, அதுவும் போகவில்லை.

ஏன் மறந்தாள் என்று பின்னால் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்தாள். அன்று காய்ச்சல் இல்லை, வீட்டில் சண்டை இல்லை, மின்சாரம் போகவில்லை. மறந்துவிட்டாள். வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை.

தளப் பொறியாளனுக்குப் போன் போட்டாள். மூன்றாவது தடவைதான் எடுத்தான்.

"சொல்லுங்க மேடம். அந்த வேலை முடிஞ்சு ஒரு மாசம் ஆச்சே."

"அந்தக் குழாய் அறையில... மூணு குழாயைச் சேர்த்தீங்க இல்ல? எது ஆக்சிஜன்னு எப்படிப் பார்த்தீங்க?"

"இதென்ன கேள்வி? ஓ-ன்னா ஆக்சிஜன், ஏ-ன்னா ஏர், வி-ன்னா வேக்குவம். அவ்வளவு தெளிவா இருந்துச்சு. உண்மையைச் சொல்லணும்னா, நீங்க அனுப்பினதுலேயே அதுதான் நல்ல டிராயிங்."

"டெஸ்ட் பண்ணீங்களா?"

"ரெண்டு நாள் பிரஷர் ஏத்தி வெச்சோம். ஒரு சொட்டு கசிவு இல்ல."

"கசிவு இல்லப்பா. எந்தக் குழாயில எந்த வாயு வருதுன்னு?"

அந்தப் பக்கம் யாரோ இரும்பை வெட்டுவது மட்டும் கேட்டது.

"அது ஆஸ்பத்திரிக்காரங்க பார்த்திருப்பாங்க" என்றான் பிறகு. "ஏன் மேடம்?"

"வார்டை எப்ப திறக்கறாங்க?"

"திறந்து நாலு நாள் ஆச்சு."

அவள் எழுந்து முதலாளி அறைக்குப் போனாள். அவர் கெட்டவர் அல்ல. முப்பது வருஷம் கட்டி எழுப்பிய பெயர், அதை ஒரு நாளில் கொட்டிவிடக் கூடாது என்று நினைக்கிற சாதாரண மனிதர். அவள் சொன்னதைக் கேட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"கோட்டக்கா, நீ சாதாரணமாவே பயப்படுற ஆளு. அங்க குழாய்க்கெல்லாம் கலர் பட்டை இருக்கும், அதைப் பார்த்துச் சேர்த்திருப்பான். உறுதியாத் தெரியாம ஒரு ஆஸ்பத்திரியில போய் உங்க ஆக்சிஜன் தப்புன்னு சொல்ல முடியுமா? இன்னிக்குச் சனிக்கிழமை, அங்க பெரிய ஆள் யாரும் இருக்கமாட்டாங்க. திங்கக்கிழமை காலையில முதல் வேலையா நானே பேசறேன்."

அவள் தலையாட்டினாள். வாழ்நாள் முழுக்கத் தலையாட்டிய பழக்கம். வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து கணவனுக்குப் போன் போட்டாள். அவன் எங்கோ ஒரு கட்டடத்தின் உச்சியில் இருந்தான், காற்று இரைந்தது. அழுகையும் பேச்சுமாக அவள் சொல்லி முடிக்கிறவரை குறுக்கே பேசாமல் கேட்டான்.

"ஏம்மா, நான் சொல்றதைக் கேளு. லிப்ட் நடுவுல நின்னுடுச்சுன்னு போன் வந்தா நாங்க முதல்ல என்ன கேப்போம் தெரியுமா? உள்ள ஆள் இருக்காங்களான்னு கேப்போம். யார் தப்பு, எந்தக் கம்பி, அதெல்லாம் அப்புறம். உள்ள ஆள் இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அப்ப திங்கக்கிழமை கிடையாது. நான் வரட்டா?"

"நீங்க வர ஒரு மணி நேரம் ஆகும்" என்றாள். பையைக்கூட எடுக்காமல் கிளம்பிவிட்டாள். வரைபடத்தை மட்டும் இரண்டு விதமாகவும் அச்செடுத்து மடித்துக் கையில் வைத்திருந்தாள்.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தும் வெளியே எதுவும் கண்ணில் படவில்லை. கடவுளே, நான் சொல்வது தப்பாக இருக்கட்டும், எல்லாரும் சிரிக்கட்டும், முதலாளி திட்டட்டும், இந்த வேலை போனாலும் போகட்டும் என்று வேண்டிக்கொண்டே வந்தாள். என்ன பேச வேண்டும் என்று மனதுக்குள் எழுதிப் பார்த்தாள். முதல் வாக்கியமே ஓடவில்லை. ஒரு நிறுத்தத்தில் ஓர் ஆள் சில்லறை தேடிக்கொண்டு படியிலேயே நின்றபோது, ஏறுங்க ஏறுங்க என்று உரக்கக் கத்திவிட்டாள். பேருந்தே திரும்பிப் பார்த்தது. அவள் குரல் அவ்வளவு பெரியது என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

ஆஸ்பத்திரி வரவேற்பில் இருந்த பெண் நிமிராமலே கேட்டாள்: "நோயாளி பேரு?"

"நோயாளி இல்லம்மா. குழாய்..."

"பிளம்பரா? பின்பக்கமா போங்க."

அவள் பின்பக்கம் போகவில்லை. நேரே படிக்கட்டைப் பிடித்தாள். நான்கு மாடி. மூன்றாவதிலிருந்து கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினாள். வார்டு வாசலில் போய் நின்றபோது மூச்சு இரைப்பில் வாய் திறந்தும் வார்த்தை வரவில்லை. மேசையில் எழுதிக்கொண்டிருந்த தலைமை நர்ஸ் ஒரே எட்டில் வந்து அவளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்து, அவள் விரலில் ஒரு கிளிப்பை மாட்டிவிட்டார்.

"பேசாதீங்க. மூச்சை மெதுவா விடுங்க. எத்தனை நாளா இப்படி?"

"எனக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டர்..."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க." கிளிப்பில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு எண்ணாக வந்தது. "தொண்ணூத்தேழு. சரி, உங்களுக்கு ஒண்ணும் இல்லதான். என்ன வேணும்?"

அவள் பேருந்தில் தயாரித்ததெல்லாம் பறந்துபோயிற்று. மேசையில் கிடந்த காகிதத்தை இழுத்து இரண்டு வட்டம் போட்டாள், ஒன்றை நிரப்பினாள். "இது ஆக்சிஜன். இது காத்து. நான் வரைஞ்சது. அவங்க மாத்திப் படிச்சுட்டாங்க. இங்க சுவத்துல ஆக்சிஜன்னு எழுதியிருக்கிற இடத்துல வெறும் காத்து வருதுன்னு நினைக்கிறேன். நான் சொல்றது தப்பா இருக்கலாம்."

நர்ஸ் அவளையே பார்த்தார். ஐம்பது வயது இருக்கும், சரிந்த கண்ணாடி. "மறுபடி சொல்லுங்க. மெதுவா."

மறுபடி சொன்னாள். சொல்லி முடிக்கும் முன்பே நர்ஸ் எழுந்துவிட்டார். ஓடவில்லை, யாரையும் கூப்பிட்டுக் கத்தவில்லை. வேகமாக நடந்தார், அவ்வளவுதான். இரண்டு நிமிஷத்தில் மூலையறையிலிருந்து சக்கரம் வைத்த ஆக்சிஜன் சிலிண்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். போகிற போக்கில் அவளிடம் தணிந்த குரலில் சொன்னார்: "மூணு நாளா அந்தச் சுவத்து மீட்டர் சரியில்லன்னு கம்ப்ளெயின்ட் எழுதிக்கிட்டிருக்கேன். ரெண்டு தடவை மீட்டரை மாத்திட்டுப் போனாங்க."

வார்டில் பன்னிரண்டு கட்டில். ஐந்தில் ஆட்கள் இருந்தார்கள், ஒருத்திக்கு மட்டும்தான் ஆக்சிஜன் போட்டிருந்தது. ஆறாம் எண் கட்டிலில் நடுவயதுப் பெண்ணொருத்தி, முகத்தில் மூடி, மூடியிலிருந்து ஒரு குழாய் சுவருக்குப் போனது. பக்கத்தில் அவளுடைய அண்ணன் விசிறிக்கொண்டிருந்தார். தலைமாட்டில் ஒரு பெட்டியில் எண்பத்தேழு என்று பச்சையாக எரிந்தது.

நர்ஸ் சுவரிலிருந்து குழாயைப் பிடுங்கிச் சிலிண்டரில் மாட்டினார்.

"என்னாச்சு சிஸ்டர்?" என்றார் அண்ணன்.

"ஒண்ணும் இல்ல. இதுல கொஞ்சம் நல்லா வரும்."

கோட்டக்கா வாசலில் நின்று அந்த எண்ணையே பார்த்தாள். எண்பத்தேழு. எண்பத்தேழு. எண் ஏற வேண்டும். அந்தப் பெண்ணுக்காக ஏற வேண்டும். ஏறினால் அவள் செய்த தப்பு உறுதியாகிவிடும். அப்புறம் அதை யாராலும் மறைக்க முடியாது. ஏறாவிட்டால் அவள் தப்பித்தாள், முதலாளி சொன்னது சரி, கலர் பட்டையைப் பார்த்துச் சேர்த்திருக்கிறான். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, ஏறாமலிருந்தால் என்ன என்று மனம் நினைத்தது. அந்த நினைப்புக்காக அவள் கடைசிவரை தன்னை மன்னித்துக்கொள்ளவில்லை.

எண்பத்தெட்டு. எண்பத்தெட்டு. தொண்ணூறு. அண்ணன் விசிறுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். தொண்ணூற்றிரண்டு. தொண்ணூற்றைந்து. கட்டிலில் இருந்த பெண் கண்ணைத் திறந்து, தண்ணீர் வேண்டும் என்று கையால் காட்டினாள்.

கோட்டக்கா சுவரோரமாகச் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதன்பின் எல்லாம் மளமளவென்று நடந்தது. கீழிருந்து ஒரு டாக்டர் வந்தார், ஆக்சிஜனை அளக்கும் சின்னக் கருவி ஒன்றைக் கொண்டுவந்தார். ஆக்சிஜன் என்று எழுதிய துளையில் வைத்தார்: இருபத்தொன்று சதவீதம். அது நாம் எல்லாரும் சும்மா சுவாசிக்கிற காற்று. காற்று என்று எழுதிய துளையில் வைத்தார்: தொண்ணூற்றொன்பது. அங்கிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குழாய் அறையின் இரண்டு வால்வுகளையும் மூடினார்கள். மற்ற மாடிகளில் எல்லா வார்டிலும் கருவியை வைத்துப் பார்த்தார்கள். அங்கெல்லாம் சரியாக இருந்தது. மாலைக்குள் ஐந்து பேரையும் கீழே மாற்றினார்கள். தளப் பொறியாளன் வந்து குழாய் அறைக் கதவைத் திறந்து பார்த்தான். கலர் பட்டையெல்லாம் பெரிய குழாயில்தான். வார்டுக்குள் போகும் மூன்று குழாய்களும் வெறும் செம்பு. அவன் அவள் கையிலிருந்த இரண்டு தாளையும் வாங்கி மாறி மாறிப் பார்த்தான். கைக்குழந்தைக்குத் தகப்பனான சின்ன வயசுக்காரன். "மேடம், நான் அன்னிக்கு ஒரு பெட்டி வந்துச்சு, சரின்னு அமுக்கிட்டேன்" என்றான். காலையில் அவளும் அதைத்தான் அமுக்கியிருந்தாள்.

வீட்டுக்குக் கிளம்பும்போது நர்ஸ் ஒரு விஷயம் சொன்னார். ரெண்டாம் கட்டிலில் இருந்த ஒரு பெரியவரை நேற்று முன்தினம் கீழே மாற்றியிருந்தார்களாம். போன ஒரு மணி நேரத்தில் தெளிந்துவிட்டார். "புது மருந்து வேலை செஞ்சுடுச்சுன்னு டாக்டருக்குப் பெருமை தாங்கல" என்றார். பிறகு முகம் மாறியது. "ஆனா முதல் நாளே வந்த ஒருத்தர் இருந்தாரு. ஓட்டுநர் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவரு. ரெண்டாம் நாள் மூச்சு ரொம்ப மோசமாகி, வேற ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க."

"இப்ப எப்படி இருக்காரு?"

"தெரியலம்மா."

அவருக்குப் போன் போட்டார்கள். எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நர்ஸ் இரண்டு தடவை போட்டார். எடுக்கவில்லை.

அந்த இரண்டு நாள் அவள் எப்படி இருந்தாள் என்று கணவன்தான் பின்னால் சொன்னான். சாப்பாட்டை வைத்தால் பிசைந்துகொண்டே இருந்தாள். குளிக்கப் போனவள் தண்ணீரைத் திறந்துவிட்டு வாளி நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கேலி பேசும் மாமியார் வாயைக் கட்டிக்கொண்டு, அவள் போகிற அறைக்கெல்லாம் பின்னாலேயே போய் உட்கார்ந்தாள். ஒரு தடவை மட்டும், "செத்துட்டாருன்னு யாரும் சொல்லலையே" என்றாள். "இருக்காருன்னும் சொல்லலையே அத்தை" என்றாள் இவள்.

திங்கட்கிழமை காலை நர்ஸிடமிருந்து எண்ணை வாங்கித் தானே அடித்தாள். அந்த எண்ணைத் தரக் கூடாது என்று நர்ஸுக்குத் தெரியும், தந்தார். ஐந்தாவது மணியில் ஒரு கரகரத்த குரல் வந்தது.

"யாரு?"

"நான்... ஆஸ்பத்திரி விஷயமா..."

"மறுபடி ஊசி போடக் கூப்பிடறீங்களா? நான் வரமாட்டேன். எனக்கு நல்லாயிடுச்சு. நேத்துதான் வீட்டுக்கு வந்தேன், விடுங்க."

அவளுக்குக் கண்ணில் நீர் கொட்டியது. போனை வைத்துவிடலாம், எல்லாம் முடிந்தது. வைக்கவில்லை. "ஐயா, அங்க உங்களுக்கு மூச்சு சரியா வராததுக்குக் காரணம் நான்தான்" என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொன்னாள்.

ஓட்டுநர் ஆத்திரமாகக் கத்தினார், ஆனால் அவளிடம் அல்ல: "நான் அன்னிக்கே சொன்னேன், இந்தக் குழாயில ஒண்ணும் வரலைன்னு! என் பையன் கேட்டானா? உங்களுக்கு எதுலயும் குறை கண்டுபிடிக்கணும்பா, சும்மா படுங்கன்னான். இரும்மா, அவன்கிட்ட நீயே சொல்லு."

மகன் கேட்டான். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. "எங்கப்பா போயிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க? போன் போட்டு மன்னிப்புக் கேட்டிருப்பீங்களா? யாருக்குப் போட்டிருப்பீங்க?" என்று அடுக்கினான். நியாயமான கேள்விகள். அவன் ஓய்கிறவரை காதிலிருந்து போனை எடுக்காமல் நின்றாள்.

விசாரணை பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரியில் நடந்தது. நீள மேசை, இரண்டு பக்கமும் ஆட்கள். தனக்கு வேலை போகும் என்றே அவள் போனாள். மேசையைக் காலிசெய்ய ஒரு பையும் அலுவலகத்தில் கொண்டுவந்து வைத்திருந்தாள். கேட்பதற்கு முன்பே, எழுத்துருவைச் சேர்க்காமல் அனுப்பியது நான் என்று எழுதிய தாளை நீட்டினாள். வாயுவைச் சோதிக்காமல் ஒப்படைத்தது வேலையை எடுத்த நிறுவனத்தின் தப்பு, சான்று இல்லாமல் வார்டைத் திறந்தது ஆஸ்பத்திரியின் தப்பு, கோப்பை அரைகுறையாக அனுப்பியது வரைபட அலுவலகத்தின் தப்பு என்று மூன்று பக்கமும் எழுதினார்கள். அந்த ஆஸ்பத்திரி வேலை அலுவலகத்தின் கையைவிட்டுப் போயிற்று. அவளை யாரும் போகச் சொல்லவில்லை.

முதலாளி ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. பிறகொரு நாள் அவள் மேசையருகே வந்து நின்றார். "நான் சொன்ன மாதிரி திங்கக்கிழமை வரைக்கும் நீ இருந்திருந்தா..." என்றார். மேலே சொல்லாமல், டீ கொண்டுவரச் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் எழுத்துருவைத் தூக்கிப் போட்டாள். ஆக்சிஜன் என்றால் இனி ஆக்சிஜன் என்று முழு வார்த்தை. இடம் போதாது என்று பக்கத்து மேசைக்காரன் முனகியபோது, "இடம் போதலைன்னா தாளைப் பெருசாக்கு" என்றாள். அவள் யாரிடமும் அப்படிப் பேசி அவர்கள் கேட்டதில்லை. பதினொரு வருஷத்து வரைபடங்கள் இருநூற்றுச் சொச்சம். ஐந்து வாரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து குறிகளை வார்த்தையாக்கினாள். எழுத்துரு இல்லாமல் கோப்பு போன இடம் இன்னும் இரண்டு அகப்பட்டது. ஒன்று சின்ன மருத்துவமனை. அங்கே இருந்தவர் போனைக் கீழே வைத்துவிட்டுக் கருவியோடு போய்ப் பார்த்துவிட்டு வரக் கால்மணி நேரமாயிற்று. சரியாக இருந்தது. இன்னொன்றுக்குப் போட்டால் யாரோ தையல் இயந்திரச் சத்தத்துக்கு நடுவே எடுத்தார். "ஆக்சிஜனா? இங்க சட்டை தைக்கிறோம்மா. ஆஸ்பத்திரியை மூடி ரெண்டு வருஷம் ஆச்சு. அளவு ஏதாவது தரணுமா?"

அவள் பயம் குறைந்ததா என்றால் இல்லை. புதுப் பயங்கள் சேர்ந்தன. எந்தப் பெட்டி வந்தாலும் மூன்று தடவை படிக்கிறாள். அனுப்பியதை அனுப்பியபின் தானே இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்க்கிறாள்.

அந்தத் தளப் பொறியாளன் இப்போது வேறு ஊரில் ஒரு பள்ளிக் கட்டட வேலையில் இருக்கிறான். அதற்கும் வரைபடம் இவர்கள் அலுவலகம்தான். தாள் போய்ச் சேர்ந்த அன்றே போன் செய்வான். "மேடம், ஒரு தடவை படிச்சிடலாமா?" அவள் இங்கே விரலை வைத்து மேல் இடது மூலையிலிருந்து ஆரம்பிப்பாள். "முதல் குழாய். குடிதண்ணி." "குடிதண்ணி" என்பான் அவன். "ரெண்டாவது, மழைத்தண்ணி." "மழைத்தண்ணி." வெறும் தண்ணீர்க் குழாய்கள், மாறினாலும் உயிர் போகாது. அவளும் அவசரப்படுத்துவதில்லை, அவனும் போதும் என்று சொல்வதில்லை. போன முறை நாற்பது நிமிஷம் ஆயிற்று.